வலசைப் பறவைக் கணக்கெடுப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல், 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் நாள்தோறும் காலை வழிபாட்டுக்கு முன் பள்ளியை அடுத்துள்ள குளக்கரையில் 15 நிமிடம் நின்று, அறிவியல் ஆசிரியரின் துணையுடன் வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்க இருக்கிறார்கள்.

நகரத்துக்கு நடுவே என்ன பறவை வந்துவிடப்போகிறது என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நெடுந்தொலைவு பறந்து களைத்த பறவை, நீரும் இரையும் மறைவும் கிடைக்கும் இடத்தில் இறங்கிவிடும்; சுற்றிலும் கட்டடங்கள் பெருகப் பெருக, எஞ்சியிருக்கும் ஒரு குளமும் அதன் சேற்றோரமுமே அதற்குத் தங்குமிடமாகின்றன.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கால அளவு என்பதே கணக்கெடுப்பின் அடிப்படை. ஒரு பறவையும் தென்படாத நாளில் "எதுவும் காணவில்லை" என்று எழுதியே ஆகவேண்டும். எழுதாமல் விட்டால், அன்று பறவை வரவில்லையா, பார்க்க ஆள் வரவில்லையா என்று பின்னாளில் யாராலும் சொல்ல முடியாது. சென்ற வார ஒத்திகையில் ஒரு மாணவி "சாம்பல் வாலாட்டி 6" என்று எழுதியதை அடித்துவிட்டு, "வாலாட்டி 6, எந்த வகை எனத் தெரியவில்லை" என்று திருத்தியிருந்தாள். அன்றைய ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு அதுதான். ஆகவே, வீட்டில் படம் பார்த்து ஊகித்துப் பட்டியலை நீட்ட உதவ வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் பங்களிப்பில் 2002இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையதளமான இபேர்ட் (eBird) தளத்தில் இப்பதிவுகளை ஏற்றுவோம். இனங்கண்ட பறவைகள் அனைத்தையும் குறித்தீர்களா என்று அத்தளமும் கேட்கிறது.

உங்களிடம் வேண்டுவது வேறொன்று. சிறு பறவைகளில் பல இரவில்தான் வலசை போகின்றன. விளக்கொளியில் திசை தடுமாறிக் கண்ணாடியில் மோதுகின்றன. 2023 அக்டோபரில் சிகாகோவின் ஏரிக்கரையிலுள்ள ஒரே கட்டடத்தில் மோதி ஓர் இரவுக்குள் ஏறக்குறைய 1,000 பறவைகள் மடிந்தன. இரவில் தேவையற்ற வெளிவிளக்குகளை அணைத்துவையுங்கள்; பெரிய சன்னல் கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினாலும் மோதல் குறையும். விழுந்து கிடக்கும் பறவையைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடாமல், நாள், நேரம், இடம் குறித்துவந்தால் போதும்.

பைனாகுலர் வாங்கித்தர வேண்டியதில்லை. பள்ளியில் உள்ளவற்றை முறைவைத்துப் பயன்படுத்துவோம். குளக்கரை வழுக்குமாதலால் பிடிமானமுள்ள காலணி அவசியம். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்