ஓசியில் பறவை பார்ப்பவன் எழுதுவது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வனவிலங்குப் புகலிடங்களைப் பற்றிய கட்டுரையில், ‘வேட்டைக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள், மற்றவர்கள் ஓசியில் வேடிக்கை பார்க்கிறார்கள்’ என்று ஒரு வரி. பத்தொன்பது ஆண்டுகளாக இந்நாட்டில் ஓசியில் வேடிக்கை பார்த்துவரும் தங்கள் சந்தாதாரன் எழுதிக்கொள்வது.

என் பர்ஸில் ஒரு டக் ஸ்டாம்ப் இருக்கிறது, வாத்து வேட்டைக்காக அமெரிக்க அரசு விற்கும் முத்திரை வில்லை. விலை 25 டாலர். 1934-இல் வந்த சட்டப்படி, பதினாறு வயது நிரம்பியவர்கள் அது இல்லாமல் வாத்து சுடக் கூடாது. அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. இதெல்லாம் தாங்கள் அறிந்ததுதான். துப்பாக்கியைத் தொடாதவனும் அதை வாங்கலாம் என்பது மட்டும் கட்டுரையாளருக்கு எட்டவில்லை போலும். சுடுகிறவர் ஸ்டாம்பின் மேலேயே மையால் கையெழுத்திட வேண்டும். என்னுடையதில் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். துப்பாக்கி, தோட்டா மீது விதித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குத் தரும் 10–11 விழுக்காடு வரியையும் அவர் வேட்டைக்காரர் கணக்கிலேயே முழுதாக எழுதிவிட்டார். காட்டுப் பக்கமே போகாமல் அட்டையில் வட்டம் போட்டுச் சுடுகிறவர்களும் அதே வரியைத்தான் கட்டுகிறார்கள்.

வேட்டைக்காரர் பணத்தில் நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் நின்று பறவை பார்க்கும் கரையே அந்தப் பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். ஆனால் கொடுத்த கை பிறகு என்ன கேட்டது என்பதையும் எழுத வேண்டாமா? தீண்டக் கூடாத சரணாலயம் என்று வாங்கிய நிலத்தில் கால் பங்கில் சுடலாம் என்று 1949-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1958-இல் அது 40 விழுக்காடு ஆயிற்று. அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்தவன் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அடைக்கலத்தை விழுக்காட்டில் அளப்பது இன்னும் பிடிபடவில்லை.

ஒரு நவம்பர் காலை. சூரியன் எழ அரை மணி நேரம் முன்பே சுடத் தொடங்கலாம் என்பது விதி. நான் பைனாகுலரோடு கரையில் நின்றேன். நம் ஏரிகளுக்கும் பனிக்காலத்தில் வரும் அதே ஊசிவால் வாத்துகள், ஏழெட்டு இருக்கும். சத்தம் கேட்டது. ஒன்று கோரைக்குள் விழுந்தது. நாய் இரண்டு முறை போய் வெறும் வாயோடு திரும்பியது. ஆட்கள் அடுத்த கூட்டத்தைப் பார்த்து வானத்தை நோக்கினார்கள். வெளிச்சம் வந்தபின் பார்த்தேன்: ஒரு சிறகைத் துடுப்புப் போல் அடித்து, ஒரே இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம். புகலிட அலுவலகத்தில் சொன்னேன். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையானவர். ‘வேட்டைக் காலம் முடிந்ததும் பிப்ரவரியில் வாருங்கள், அப்போது அமைதியாக இருக்கும்’ என்றார். பிப்ரவரியில் நான் போவேன். வாத்து வருமா?

மான் பெருகிவிட்டது, சுடாமல் என்ன செய்வது என்றும் கட்டுரை கேட்கிறது. ஓநாயைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிட்டு இந்தக் கேள்வி! 1995-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தது ஏன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பக்கம் நிறைந்தா போயிருக்கும்? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே வேட்டையாடுவோர் 1.44 கோடி, விலங்கு பறவை பார்ப்போர் சுமார் 14.8 கோடி. பொது நிலம் என்பதில் ‘பொது’ யார் என்று இந்த ஓசிக் கும்பல் கேட்கக் கூடாதா?

இன்னொன்று. கட்டுரையைத் தாங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். விளையாட்டு என்றால் எதிர் அணிக்கும் ஆட வந்திருப்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் ஈயக் குண்டு தின்று சாகும் கழுகுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று ஒரு பத்தியாக்கினீர்கள், அதிலும் ஈயத்தை விட்டுவிட்டீர்கள். இந்தக் கட்டுரைக்கு முழுப் பக்கமும் வண்ணப் படமும் கிடைத்திருக்கின்றன.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு திருத்தங்கள் வெளியிட்டால் போதும். டக் ஸ்டாம்ப் யாரும் வாங்கலாம். அந்த வண்ணப் படத்தில் இருப்பது வாத்து அல்ல, கனடா கூஸ் என்னும் வேறு பறவை.

இப்படிக்கு,
சந்தாவை ஒருமுறையும் ஓசியில் பெறாத வாசகன்