செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நீல வளையமும் லட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்துடன் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பெங்களூரு சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. அவற்றை நீட்டி முழக்கப் போவதில்லை. கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றித் தண்ணீர் லாரிக்காக ஊரே காத்திருந்த நாட்களில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைச் சில வாரம் நிறுத்த வேண்டியிருந்தது. ஜூனில் மீண்டும் தொடங்கியது. நூலகத்தில் கரையான் அரித்த இரண்டு அலமாரிகளை மாற்றினோம். நவம்பர் 1 அன்று கன்னட ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்புக் கொடியேற்றினோம். பொங்கல் விழாவும், திருவள்ளுவர் நாளில் அல்சூர் ஏரிக்கரைச் சிலைக்கு மாலை அணிவித்ததும் சிறப்பாக நடந்தன. 2009-இல் அந்தச் சிலை திறக்கப்பட்ட நாளை நேரில் கண்டவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள்.

செயற்குழுவின் நேரத்தையும் செயலாளரின் தூக்கத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது நவம்பர் 14. அன்று குழந்தைகள் தினம். லட்டு, மாறுவேடப் போட்டி, நேரு தொப்பி என்று ஆண்டுதோறும் ஒரே அச்சில் நடத்தி வந்த விழா. செப்டம்பர் செயற்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியரான நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் எழுந்து, அதே நாள்தான் உலக நீரிழிவு தினம் என்றும், அதையும் சேர்த்து நடத்த வேண்டும் என்றும் முன்மொழிந்தார். உடனே இரண்டு கட்சி. குழந்தைகள் விழாவில் நோய்ப் பேச்சு எதற்கு என்றது ஒன்று. லட்டையே நிறுத்திவிடலாம் என்றது இன்னொன்று. முதல் கட்சியான லட்டுக் கட்சியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறவர்கள் என்பதையும் குறிப்பேட்டில் பதிவு செய்ய விரும்பினேன். தலைவர் அனுமதிக்கவில்லை.

இறுதியில் இரண்டையும் சேர்த்தே நடத்த முடிவானது. அது சரியான முடிவு என்று நான் ஏன் கருதுகிறேன் என்பதைச் சொல்ல, அந்த நாளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்காட்சிக்காக நம் இளைஞர் அணி தயாரித்த பலகைகளில் இருந்த செய்திகள்தான் இவை. கூட்ட நெரிசலில் பலர் அவற்றைப் படிக்கவில்லை.

1891 நவம்பர் 14 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபிரெடரிக் பான்டிங். 1921 கோடையில் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், மாணவர் சார்லஸ் பெஸ்ட்டுடன் சேர்ந்து, நாய்களின் கணையத்திலிருந்து, பிறகு இன்சுலின் என்று பெயர் பெற்ற ஒரு சாற்றைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார். அந்தக் கோடையில் மெக்லியாட் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போயிருந்தார். பிறகு பெருமையைப் பங்கு போடும்போது இது பெரிய சண்டையானது. சங்க நிர்வாகத்தில் இருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

அந்தச் சாறு மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரி 11 அன்று, டொரான்டோ பொது மருத்துவமனையில். பெற்றுக்கொண்டவன் லெனர்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன். அக்காலத்தில் நீரிழிவு வந்த குழந்தைக்கு மருத்துவம் என்பது கிட்டத்தட்டப் பட்டினிதான். உணவைக் குறைத்துக் குறைத்துச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பார்கள். அந்தப் பையனின் எடை முப்பது கிலோவுக்கும் குறைவு. முதல் ஊசி பலிக்கவில்லை. சாற்றில் கசடு இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது, நிறுத்திவிட்டார்கள். உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மீண்டும் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கியது, பையன் பிழைத்தான். பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் வழங்கப்பட்டது. பான்டிங் தன் பங்கில் பாதியைப் பெஸ்ட்டுக்கும், மெக்லியாட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தனர். இன்சுலின் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். பலகையில் இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

பான்டிங்கின் பிறந்த நாளை உலக நீரிழிவு தினமாக 1991-இல் அறிவித்தவை பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் உலக சுகாதார நிறுவனமும். இன்சுலினால் முதலில் பிழைத்தவன் ஒரு சிறுவன் என்பதை அறிந்தபின், குழந்தைகள் தினத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் பேச முடியாது என்பதே என் கருத்து. 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் இந்த நாளின் கருப்பொருளே குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படும் நீரிழிவுதான்.

இனி சின்னம். நம் கட்டட வாசலில் தொங்கிய நீல வளையத்தைப் பார்த்து, குடிநீர் வாரியத்தின் புது அறிவிப்பா என்று கேட்டார் எதிர்க்கடைக்காரர். கோடை பட்ட பாட்டில் அவருக்கு அப்படித்தான் தோன்றும். அந்த வளையத்துக்கு ஒரு கதை உண்டு. தொடக்கக் காலத்தில் இந்த நாளுக்குச் சீன மரபின் யின் யாங் வட்டம்தான் சின்னமாக இருந்தது. உணவு, உடலுழைப்பு, மருந்து ஆகியவற்றின் சமநிலையை அது குறித்தது. பிறகு நீரிழிவுக்கு ஐ.நா. தீர்மானம் வேண்டும் என்று ஓர் இயக்கம் எழுந்தது. குழந்தைகளுக்கான ஹார்மோன் நோய் மருத்துவரான ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் சைலிங்க் அதற்குத் தலைமை தாங்கினார். வங்கதேசம் ஐ.நா.வில் தீர்மானத்தை முன்னெடுத்தது. 2006 டிசம்பர் 20 அன்று 61/225 என்ற எண்ணுடன் அது நிறைவேறியது. பெரிய வல்லரசு எதுவும் முன்னே நிற்காமல், நம் அண்டை நாடு சாதித்த காரியம் இது. அந்த இயக்கத்தோடு பிறந்த நீல வளையம் 2007 முதல் இந்த நாளின் சின்னமாயிற்று. வட்டம் வாழ்வையும் நலத்தையும் ஒற்றுமையையும் குறிக்கிறது. நீலம் எல்லா நாடுகளுக்கும் பொதுவான வானத்தின் நிறம், ஐ.நா. கொடியின் நிறமும் அதுவே.

பிற நாட்களின் சின்னங்களையும் ஒரு பலகையில் வைத்திருந்தோம். எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பனை 1991-இல் நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கினர். காசநோய் எதிர்ப்பின் இரட்டைக் குறுக்குச் சிலுவையை 1902-இல் பெர்லின் மாநாட்டில் பாரிஸ் மருத்துவர் சேர்சிரோன் முன்வைத்தார், அது ஒரு போர்ச் சின்னம். ரிப்பன் துயரத்தையும் தோழமையையும் சட்டையில் குத்திக்கொள்ளச் செய்கிறது. நீல வளையம் போரும் துயரமும் இல்லாதது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: தட்டை வைத்துச் சுற்றினால் மூன்று வயதுக் குழந்தையும் வரைந்துவிடும். அழுகிய கால், குத்தும் ஊசி, சிவப்புப் பெருக்கல் குறி போட்ட லட்டு என்று பயமுறுத்தும் சுவரொட்டிகளை அடிக்க ஓர் உறுப்பினர் மாதிரி கொண்டுவந்தார். செயற்குழு ஏற்கவில்லை. பயந்தவர் பரிசோதனைக்கு வருவதில்லை, ஒளிந்துகொள்கிறார் என்று செவிலியர் அம்மா சொன்னதே போதுமானதாக இருந்தது.

14-ஆம் தேதி வியாழக்கிழமை என்பதால் விழா 17-ஆம் தேதி ஞாயிறன்று நடந்தது. மகளிர் அணியினர் வாசலில் நீலப் பொடியில் வளையக் கோலம் போட்டனர். தமிழிலும் கன்னடத்திலும் அறிவிப்பு வைத்ததால் அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களும் வந்தன. லட்டும் இருந்தது, சுண்டலும் இருந்தது. உறுப்பினர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பு மாணவி, முதல் வகை நீரிழிவு உள்ளவள். முந்தைய ஆண்டுகளில் லட்டு வரிசை அவளைக் கடக்கும்போது பெரியவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று தட்டை இழுத்துக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த முறை அவளே ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினாள். அதிகச் சர்க்கரை தின்றதால் தனக்கு இது வரவில்லை, இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிட்டது என்று தெளிவாகச் சொன்னாள். “லட்டு எனக்கும் உண்டு, மாமா. எவ்வளவு சாப்பிடுகிறேனோ அதற்கேற்ப ஊசி போட்டுக்கொள்வேன். நீங்கள்தான் மாத்திரையை மறந்துவிட்டு இரண்டாவது லட்டு எடுத்தீர்கள்” என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னபோது எழுந்த சிரிப்பில் லட்டுக் கட்சியின் தலைவரும் கலந்துகொண்டார்.

பரிசோதனை முகாமில் வந்த கூட்டத்துக்கு மேசைகள் போதவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் காட்டியவர்களை, மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளும்படி சீட்டு எழுதி அனுப்பினோம். வந்திருந்த மருத்துவரிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ராகிக் களி பற்றியது. ராகியும் மாவுச்சத்துதான், நார்ச்சத்து இருப்பதால் அரிசியைவிட நல்லது என்றாலும் அளவு முக்கியம் என்றார் அவர். பெங்களூருக்கு வந்து ராகியையே மருந்தாக நம்பி இரண்டு உருண்டை விழுங்குபவர்கள் பலருக்கு அன்று முகம் வாடியது.

விழாவுக்குப் பின் ஒரு வேலையும் செய்தோம். அந்தச் சிறுமியின் பள்ளியில் தேர்வு அறைக்குள் சர்க்கரை அளக்கும் கருவியையும் பிஸ்கட்டையும் கொண்டுபோக அனுமதிக்கவில்லை. இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் சில நிமிடங்களில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். பொதுத் தேர்வு எழுதும் இத்தகைய மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் கொண்டுசெல்லலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-இலேயே அனுமதித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, பெற்றோரின் ஒப்புதலோடு சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி போதும் என்று சொன்ன நண்பருடன் எனக்கு உடன்பாடில்லை.

நவம்பர் விழாவை இனி ஆண்டுதோறும் நீல வளையத்துடன் நடத்துவது, முகாமில் கண்டறியப்பட்டவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து விசாரிக்க இருவரை நியமிப்பது ஆகிய இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு இன்று விவாதிக்கும். லட்டு பற்றிய தீர்மானம் எதுவும் பட்டியலில் இல்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு அச்சிட்டுத் தரப்பட்டுள்ளது, பொருளாளர் அதை விளக்குவார். சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் அவரைச் சந்திக்கலாம். உழைத்த மகளிர் அணிக்கும் இளைஞர் அணிக்கும் செவிலியர் அம்மாவுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பெங்களூரு