மரபணு வரிசையின் பதிவு எண் இல்லாமல் வாய்மொழித் தேர்வு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஜனவரி 5ஆம் தேதியே ஷாங்காயில் வைரஸ் ஆய்வாளர் சாங் யோங்சென்னின் குழு கொரோனா வைரஸின் முழு மரபணு வரிசையை, அதாவது அதன் மரபுச் செய்தியை எழுத்து எழுத்தாகப் படித்த ஏறக்குறைய 30 ஆயிரம் எழுத்துகளை, அமெரிக்காவின் ஜென்பேங்க் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிட்டது. ஆனால் அது உலகத்தின் கண்ணில் பட்டது 11ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் இருந்த வைரஸ் ஆய்வாளர் எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் போட்ட பிறகுதான். அடுத்த இரண்டே நாளில் மாடர்னா தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது, பெர்லின் ஆய்வகத்தின் பிசிஆர் சோதனை முறையையும் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுவிட்டது. ஒரு வரிசை பொதுவில் வந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜென்பேங்க் 1982இல் தொடங்கியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள தரவுத்தளங்களோடு தினமும் தரவைப் பரிமாறிக்கொள்கிறது. பணம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். விழுப்புரத்துக் கல்லூரி மாணவிகூட தன் மாதிரியின் வரிசையை பிளாஸ்டில் (தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் இணையக் கருவி) போட்டு அது என்ன கிருமி என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அப்படி எடுத்துக்கொள்கிற நாம் திருப்பிக் கொடுக்கிறோமா என்பதுதான் என் ஆதங்கம். அரசுப் பணத்தில் செய்த எத்தனையோ முனைவர் பட்ட ஆய்வுகளின் வரிசைகள் யாருடைய ஹார்ட் டிஸ்கிலோ கிடக்கின்றன, மாணவர் வேலை கிடைத்துப் போனதும் அதுவும் போய்விடுகிறது.

விதி இல்லாமல் இல்லை. பொதுப்பணத்தில் உருவான உயிரியல் தரவைப் பகிர வேண்டும் என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, அதைச் சேமிக்க ஃபரிதாபாத்தில் தேசியத் தரவு மையமும் 2022இல் திறந்தாயிற்று. அதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

'போட்டால் வேறு யாராவது எடுத்து முதலில் கட்டுரை எழுதிவிடுவார்களே' என்று மாணவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இன்ன தேதி வரை வெளியிட வேண்டாம் என்று சொல்லியே ஜென்பேங்கில் பதியலாம், இதை வழிகாட்டிகள் சொல்லிக்கொடுப்பதில்லை. மனிதர்களின் மரபணுத் தகவல் வேறு விஷயம், அதற்குக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். நான் சொல்வது பயிர், மீன், பாக்டீரியா, வைரஸ் பற்றி.

நம் பல்கலைக்கழகங்கள் ஒன்று செய்யட்டும்: மரபணு வரிசை உள்ள எந்த ஆய்வேடாக இருந்தாலும், தரவுத்தளம் தந்த பதிவு எண் இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கொடுக்கக் கூடாது. அப்புறம், மாதிரி எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தச் செடியிலிருந்து அல்லது விலங்கிலிருந்து எடுத்தது என்பதும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும், வெறும் 'இந்தியா' என்று போட்டுவிட்டுப் போனால் நோய் எங்கிருந்து எங்கே பரவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

— உயிரித் தொழில்நுட்பப் பேராசிரியை, தஞ்சாவூர்