அஜ்ஜாவுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு நம்ம ஆட்டம் முடிந்தது. அன்றைக்கே நன்றி சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

ஆட்டத்துக்கே வராமல் உதவியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு விளக்கம். இது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், ஒரு காரியம் கைகூடுமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டுவோம். கதையில் வரும் மற்ற எல்லோரும், அதாவது டீக்கடைக்காரரிலிருந்து அரக்கன் வரைக்கும், கதையை நடத்தும் கேம் மாஸ்டரான என் பொறுப்பு. அப்படி ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போக வேண்டியவர்தான் நம்ம அஜ்ஜா.

மூன்றாவது வாரம் நீங்கள் ஆற்றில் நனைந்துபோன மந்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தீர்கள். ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்க யாராவது வேண்டுமே என்று, "சந்துக் கோடியில வயசான பைண்டர் ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லி வைத்தேன். நம்ம கன்னடத் தம்பி உடனே "அஜ்ஜா!" என்று கூப்பிட்டான், கன்னடத்தில் தாத்தா என்று அர்த்தம், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த நிமிஷம் தங்கச்சி கேட்டாள்: "அஜ்ஜா, உங்க பசையில என்ன போடுவீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு முதல் நன்றி. அது வந்திராவிட்டால் அவர் பெயரில்லாத கிழவராகவே போயிருப்பார்.

திங்கட்கிழமை பெங்களூர் சுல்தான்பேட்டைக்குப் போனேன். அச்சகம், காகிதக் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை என்று நெருக்கியடிக்கும் தெருக்களில் விசாரித்து விசாரித்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்திருந்த பைண்டர் ஐயாவைக் கண்டுபிடித்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். ஒரு விளையாட்டுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். "உக்காருப்பா" என்று ஒரு காகிதக் கட்டைத் தள்ளிவிட்டார்.

ஐயா, அன்றைக்கு நீங்கள் காட்டியது எல்லாம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பெரிய தாளை மூன்று தடவை மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒரே இழுப்பாக இழுத்து, "இது 16 பக்கம், ஒரு ஃபாரம்" என்றீர்கள். நூலை மெழுகுத் துண்டில் இரண்டு தடவை இழுத்துவிட்டு ஊசியில் கோத்தீர்கள். ஒவ்வொரு ஃபாரத்தின் கடைசியிலும் நூலை முந்தின ஃபாரத்தின் தையலுக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, முழுத் தையலையும் தூக்கி உதறி, ஒரு தாள்கூட அசையாததைக் காட்டினீர்கள். மைதாப் பசையை விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வீர்கள், கவனித்திருக்கிறேன். அதில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை அஜ்ஜாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் பசையைப் பார்த்தார். தங்கச்சிக்கும் பதில் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட, கிளம்பும்போது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை மொத்தக் கதையையும் மாற்றிப்போட்டது. இவ்வளவு புத்தகம் கட்டியிருக்கிறீர்களே, படிப்பீர்களா என்று கேட்டேன். "வேலை நேரத்துல படிக்க மாட்டேன்பா. எழுத்துல கண்ணு போச்சுன்னா கை நின்னுடும்." அல்சூர் வரைக்கும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம்ம கதையில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களை எல்லாம் சாபம் பிடித்துக்கொண்டிருந்தது, அதைத் தீர்க்க எனக்கே வழி தெரியாமல் இருந்தது. படிக்காமல், தாளையும் நூலையும் முதுகையும் மட்டும் பார்க்கிற ஒருவர் கையில் அந்தச் சாபம் என்ன செய்யும்? ஊரிலேயே அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடிய ஒரே ஆள் அஜ்ஜா ஆனது உங்களால்தான், ஐயா.

அப்புறம், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் எனக்கு அறிமுகமான பேராசிரியர் அம்மாவுக்கு. காகிதத்துக்கு முந்தின கட்டு எப்படி இருந்தது என்று கேட்ட எனக்கு, பழைய தபால் அட்டைகளை ஓலையளவுக்கு நறுக்கி, இரண்டு துளை போட்டு, சுவடி கட்டிக் காட்டினீர்கள். ஒரு துளையில் நாராசம் என்கிற கம்பி, இன்னொன்றில் கயிறு, கயிற்றின் நுனியில் கிளிமூக்குப் போல வெட்டிய ஓலைத்துண்டு. கயிறு அறுந்தால் ஏடுகள் முன்பின்னாகிவிடும் என்று நீங்கள் வருத்தத்தோடு சொன்னதுதான் கதையின் இரண்டாம் பாதி. அந்த அட்டைச் சுவடியையே ஆட்டத்தில் வைத்தேன். ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஏடுகளை வரிசைப்படுத்தினார்கள், ஒருவரும் போனைத் தொடவில்லை அம்மா.

அக்காவுக்கு என்ன சொல்வது? முதல் மாதம் ஒரு காபிக் கடையில் விளையாடினோம், ரொம்ப நேரம் உட்காருகிறோம் என்று நடு ஆட்டத்தில் எழுப்பிவிட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, "எங்க மாடி சும்மாதானே கிடக்கு" என்றீர்கள். பாயும் சுண்டலும் தந்து, பக்கத்து வீட்டாரையும் சமாதானப்படுத்தினீர்கள்.

ஆட்டக்காரர்களே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. விதிநூலில் சாதாரண மனிதருக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்கிற கணக்கு, வெறும் 4. நீளவாள் வெட்டு எத்தனை புள்ளியைப் பறிக்கும் என்பதற்கு 8 முகப் பகடை, ஒரே வெட்டில் அஜ்ஜா போய்விடலாம். நான் அந்த எண்ணை உயர்த்தவே இல்லை, அவர் கடைசி வரைக்கும் 4 புள்ளிக் கிழவர்தான். ஒன்றரை வருஷமாக அந்த நாலு புள்ளியை நீங்கள்தான் சுற்றி நின்று காப்பாற்றினீர்கள். போன வாரம் அஜ்ஜாவின் கடை தீப்பற்றியபோது, எதிரியைத் துரத்தினால் ஜெயம் என்று தெரிந்தும் ஐந்து பேரும் கடைக்குள் ஓடினீர்கள். தம்பி உருட்டிய பகடை 3 காட்டியது, போதாத எண். அதற்குள் தங்கச்சி, "நான் அவர் மேல விழுந்து மறைச்சுக்கிறேன்" என்றாள். அப்படி ஒருவர் செய்வார் என்று நான் எழுதி வைக்கவில்லை. அஜ்ஜா பிழைத்தார், எதிரி தப்பித்துவிட்டான். என் கணக்கில் அதுதான் ஜெயம்.

நம்ம ஆட்டக் குறிப்புகளை எல்லாம் பைண்டர் ஐயாவே சிவப்பு காலிகோத் துணியில் கட்டிக்கொடுத்துவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார், விடவில்லை, திணித்துவிட்டு வந்தேன். ஒரு நாள் ஆட்டத்துக்கு வாங்கய்யா என்று முதல் மாதத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கடையை விட்டு வர முடியாது என்பார். அடுத்த கதையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடலாமா என்று உங்களிடம் கேட்டேன், ஐந்து பேரும் சரி என்றீர்கள். ஐயாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கண் கொஞ்சம் மங்கல் என்பதால், எண்கள் பெரிதாகப் பொறித்த 20 முகப் பகடை ஒன்று அவருக்காக வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி, அக்கா வீட்டு மாடி.