பாதி முகத்துக்கு மட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஒரு கண்ணில் உலகம் புதிதாக வெள்ளையடித்த வீடு மாதிரி தெரிகிறது, இன்னொன்றில் பழைய மஞ்சள் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த வரிதான் என்னைச் சிரிக்க வைத்தது. அந்தப் புதுக் கண்ணால் கண்ணாடி பார்த்தபோதுதான் முகம் எவ்வளவு வறண்டு, செதில் செதிலாகக் கிடக்கிறது என்று தெரிந்ததாம். கண்ணைச் சரிசெய்து ஒரு கவலையை வாங்கிக்கொண்டாய்.

ஹாஸ்டலில் நீ கண்ணாடி முன்னால் நிற்கும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் குளித்தே முடித்துவிடுவோம். அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்ததில் முதல் ஆள் நான்தான். இப்போது அதே நான் தினமும் ராத்திரி முகத்தில் கிரீம் தடவிக்கொண்டு படுக்கிறேன் என்ற செய்தி உன் வீடு வரைக்கும் வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன். நம் இரண்டு வீட்டம்மாக்களும் பேசிக்கொள்ளாத நாள் ஏது? உண்மைதான். மூன்று மாதமாகத் தடவுகிறேன். விலை குறைந்த, டியூபில் வருகிற, சாதாரண நைட் கிரீம். வேலை செய்கிறதா என்று கேட்டிருந்தாய். செய்கிறது. ஆனால் முதலில் நான் அதற்குக் கொடுத்த பாராட்டில் பாதியைத் திரும்பப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எனக்குத் தொந்தரவு ஷேவிங்கில்தான் ஆரம்பித்தது. முகம் கழுவித் துடைத்ததும் இரண்டு கன்னமும் அளவு சிறுத்த சட்டை போல இறுகிவிடும். மூக்கோரத்தில் வெள்ளைச் செதில். மத்தியானம் ஆனால் நெற்றியில் எண்ணெய் வழியும். இவ்வளவு எண்ணெய் வழிகிற முகம் எப்படி வறண்ட முகமாக இருக்கும் என்று நினைத்து, இன்னும் அழுத்திச் சோப்புப் போட்டேன். அதுவும் வெந்நீரில். மகள்தான் ஒரு நாள் உட்கார வைத்துச் சொன்னாள்: அப்பா, எண்ணெய் வேறு, ஈரம் வேறு, எண்ணெய் வடிந்துகொண்டே தோல் தண்ணீருக்குத் தவிக்கும்.

தோலின் மேலடுக்கு இருக்கிறதே, அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தேறாது. செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கின்றன. இடையில் காரை பூசியது போல ஒரு கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காரை. அது பெயர்ந்தால் உள்ளே இருக்கிற நீர் சத்தமில்லாமல் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். பகலைவிட ராத்திரியில் இந்தக் கசிவு அதிகம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு நான் ராத்திரி முழுக்க ஏசி போட்டுத் தூங்குகிறவன். இரவில் போடுகிற கிரீம் என்று தனியாக ஒன்று எதற்கு, வியாபாரத் தந்திரம்தானே என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். முக்கால்வாசி தந்திரம்தான். கால்வாசிக்குக் காரணம் உண்டு.

மகள் கொண்டுவந்த டியூபின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஹையலுரானிக் அமிலம் என்று போட்டிருந்தது, தோலில் நீரைப் பிடித்து வைக்கிற பொருளாம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. உன் கண்ணைப் பற்றிப் படித்த கையோடு எழுதுவதால் இதைச் சொல்லத் தோன்றியது. ஆனால் பின்பக்கத்தைப் புரட்டினால் கதை வேறு. அங்கே சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனவற்றை மட்டும் இஷ்டப்படி முன்பின்னாகப் போட்டுக்கொள்ளலாம். மகள் ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தாள். பீனாக்ஸி எத்தனால் என்று ஒரு கெடாமல் காக்கும் மருந்து பெரும்பாலான கிரீம்களில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் எந்தப் பெயர் வந்தாலும் அது சொட்டுக் கணக்குதான். என் டியூபில் ஹையலுரானிக் அமிலம் அதற்கும் இரண்டு பெயர் தள்ளித்தான் இருந்தது! தண்ணீருக்கு அடுத்து, இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது நம் பழைய கிளிசரின். அப்புறம் பெட்ரோலேட்டம், அதாவது வாசலின் சரக்கு. பிறகு சீட்டியரைல் ஆல்கஹால், டைமெத்திகோன், கொஞ்சம் செராமைடு. ஆல்கஹால் என்றதும் ஆஃப்டர் ஷேவ் எரிச்சல் ஞாபகம் வந்து பயந்தேன். இது அந்த ஜாதி இல்லையாம். மெழுகு போன்ற கொழுப்பு வகை, தோலை வழவழப்பாக்குவது.

இவ்வளவுதான் சமாச்சாரம். கிளிசரின் நீரை இழுத்து வைக்கிறது, வாசலினும் டைமெத்திகோனும் மேலே மூடி போடுகின்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் கலந்து ஒரு களிம்பு செய்தார் என்பார்கள். அதிலிருந்த நீர் ஆவியாகும்போது முகம் குளிர்ந்ததால்தான் கோல்டு கிரீம் என்ற பெயர் வந்தது. என் டியூபும் அந்தப் பரம்பரைதான். ஒரு நாள் தடவும்போது உதட்டில் பட்டு இனித்தது. கிளிசரின் என்ற பெயரே இனிப்பைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் நான் செய்தது முழு முட்டாள்தனம். விளக்கை அணைப்பதற்கு முந்தைய நிமிடம், காய்ந்த முகத்தில், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பினேன். காலையில் கிரீம் முழுவதும் தலையணை உறையில் இருந்தது. நெற்றியில் இரண்டு பரு வேறு, இந்த வயதில்! மகள் பார்த்துவிட்டு, முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரப் பிசுபிசுப்பு இருக்கும்போதே தடவ வேண்டும், படுப்பதற்கு அரைமணி முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்றாள். அளவுக்கும் கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகம், கழுத்து இரண்டுக்கும் எனக்கு அதுவே தாராளம். 50 கிராம் டியூப் நூறு இரவு வர வேண்டும். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. விசாரித்ததில் வீட்டம்மா குதிகால் வெடிப்புக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம்தான் நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். டியூப் இன்னும் திரும்பி வரவில்லை.

இனிமேல்தான் விஷயமே. முகம் மெத்தென்று ஆனது கிரீமாலா, மனப்பிரமையா என்று எனக்குச் சந்தேகம். வாழ்க்கை முழுக்கக் கணக்குப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் போகுமா? பாதி முகத்துக்கு மட்டும் தடவிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. பத்து நாள் இடது கன்னத்துக்கு மட்டும் போட்டேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதினோராம் நாள்தான் உறைத்தது: நான் ஒருக்களித்துப் படுப்பது இடது பக்கம். போட்ட கிரீமைத் தலையணை தின்றிருக்கிறது. சரி என்று அடுத்த பத்து நாள் வலது கன்னத்துக்கு மாற்றினேன். இந்த முறை காலையில் ஷேவ் செய்யும்போதே கை சொல்லிவிட்டது. வலது பக்கம் பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. இடது பக்கம் உரசியது. மூக்கோரச் செதிலும் வலப்புறம் அடங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில் மகள் என் சோப்பையும் மாற்றிவிட்டாள். சோப்பின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 9, 10 என்று நிற்கும். தோலுக்கு வேண்டியது 5ஐ ஒட்டி. காரச் சோப்பும் வெந்நீரும் சேர்ந்து அந்தக் காரைக் கொழுப்பைத் தினமும் சுரண்டி எடுத்திருக்கின்றன. நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத ஒரு ஃபேஸ் வாஷும் வெதுவெதுப்பான நீரும் என்று மாறினேன். பாதி முகச் சோதனையை நான் நிறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்றுமே தடவாத இடது கன்னமும் ஏறக்குறைய வலது கன்னம் அளவுக்கு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. காலையில் நானே சுரண்டி எடுத்ததைத்தான் ராத்திரியில் காசு கொடுத்துப் பூசியிருக்கிறேன்.

அப்படியும் கிரீமை விடவில்லை. ஏசி போட்ட இரவுகளில் தடவிய பக்கம் காலையில் தெளிவாக மேல். சுருக்கத்துக்கு மட்டும் எதையும் எதிர்பார்க்காதே. தோல் நீர் குடித்து உப்பியிருக்கும்போது மெல்லிய கோடுகள் மங்கித் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் அவை தங்கள் இடத்துக்கு வந்துவிடும். கோடு போடுகிற பெரிய கை வெயிலுடையது, அதற்குப் பகலில்தான் வேலை செய்ய வேண்டும். சன்ஸ்கிரீன் பற்றி இன்னொரு கடிதம் எழுதுகிறேன், இப்போதைக்குத் தொப்பி போட்டுக்கொள்.

இனி உன் மகன் உனக்கு வாங்கிக்கொடுத்த கிரீம் ஜாடிக்கு வருகிறேன். அதன் விலையில் என்னுடையது போல ஏழெட்டு டியூப் வாங்கலாம். மூன்றாம் நாளே அரிப்பு எடுத்தது, ஆனாலும் பிள்ளை ஆசையாக வாங்கியது, வீணாக்கக் கூடாது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன் என்கிறாய். நிறுத்து. ஒவ்வாமைக்குப் பாசம் தெரியாது. மூடியைத் திறந்தாலே அறை மணக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். என் முதல் சந்தேகம் அந்த வாசனை மேல்தான். பின்பக்கப் பட்டியலின் கடைசியில் லினலூல், லிமோனின், ஜெரானியால் மாதிரிப் பெயர்கள் இருக்கின்றனவா பார். எல்லாம் வாசனைப் பொருள்கள், பலருக்கு ஒத்துக்கொள்ளாதவை. அடுத்து எது வாங்கினாலும் முழங்கை மடிப்பருகே காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போ. நானும் அதைச் செய்யவில்லைதான், தப்பித்தேன். நிறுத்திய பிறகும் அரிப்பும் செதிலும் போகாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டிவிடு. வறட்சி மாதிரி தெரிகிற எல்லாமே வறட்சி இல்லை.

முக்கியமானது இன்னொன்று. அறுவை செய்த கண் ஆறுகிறவரை, கண் டாக்டர் சரி என்று சொல்கிறவரை, எந்தக் கிரீமும் கண் பக்கம் போகவே வேண்டாம். தூக்கத்தில் இது வழிந்து நகரும். எனக்கே ஒரு ராத்திரி இமையோரம் பட்டு, நடுச்சாமத்தில் எழுந்து கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று எழுதியிருந்தாயே, பெயரும் இல்லாத, சேர்மானமும் எழுதாத ஒரு குட்டி டப்பா. இரண்டே இரவில் முகம் பளிச்சென்று ஆகும் என்றாராம். அதைத் தொடாதே. விலை மலிவு என்பது வேறு, பேரே இல்லாதது வேறு. அந்த மாதிரி டப்பாக்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகம் வரை போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தத்தான் மினமாட்டா உடன்படிக்கை என்று நாடுகள் சேர்ந்து போட்டு, 2017இல் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். ஸ்டீராய்டு முதலில் அழகு காட்டும், பிறகு தோலைக் காகிதம் மாதிரி மெலிய வைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டாம், போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிடு.

உன் ஜாடியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. கட்டைவிரலால் பாதி எழுத்தை மறைத்துவிடாதே, போன முறை மருந்துச் சீட்டை அப்படித்தான் அனுப்பினாய். முதல் ஐந்து பெயரையாவது நீயே வாசித்து எழுதினால், அந்தக் கண்ணுக்குப் படிக்கிற கண்ணாடி தேவையா இல்லையா என்றும் தெரிந்துவிடும்.

இரண்டாவது கண்ணுக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள்? அந்த வாரம் நான் அங்கே வந்து இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்