துபாய் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நம் குழுவில் நாலைந்து பேர் வேலைக்காக துபாய் போகிறீர்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் பணம் கட்டாதீர்கள். அவர் இ-மைகிரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் பதிவானவரா என்று முதலில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ரசீது வாங்காமல் வராதீர்கள்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருந்தால் அந்தக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். பட்டச் சான்றிதழ் தேவைப்படும் வேலை என்றால் அட்டெஸ்டேஷனை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரப்பூர்வ முத்திரை வாங்குவதை, இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே போய் அலைய முடியாது.

அப்புறம் பெட்டி. வீட்டில் அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கு, கேஸ் ஆகிவிடும். எனக்கு செக்-இன் வரிசையில்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே பெட்டியைப் பிரித்து, டப்பாவை வழியனுப்ப வந்த தம்பியிடம் கொடுத்தேன். மானம் போனது, சரி போகட்டும். டிரமடால், கோடீன் என்ற வலி மருந்துகள் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே அந்நாட்டு அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும்.

வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.