ஏஐஎஃப்எஃப்க்கு ஒரு திறந்த மடல்: பிரேசில் ஸ்ட்ரைக்கருக்கு பாஸ்போர்ட் குடுக்குறதுக்கு முன்னாடி எல்கெசன் கதையக் கொஞ்சம் கேளுங்க

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துல இருக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடியில சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஏரியா பசங்க பிராக்டீஸுக்கு கோன் அடுக்குறது, பந்துக்கு காத்தடிக்கிறது, சண்டை வந்தா விலக்கி விடுறது, இதுதான் என் கால்பந்து தகுதி. லைசென்ஸ் இல்லாதவன் என்னத்த பேசுறான்னு தள்ளி விட்றாதீங்க, மேட்ச் பாக்குறவனுக்கும் வயிறு எரியும்ல.

2025 அக்டோபர்ல கோவா மட்காவ்ல சிங்கப்பூர்கிட்ட 2-1னு தோத்தோமே, 2027 ஆசியக் கோப்பைக்கே போக முடியாதுன்னு ஆச்சே, அன்னைக்கு ராத்திரியில இருந்து கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம் ஒரே பாட்டு: "ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக்) ஆடுற பிரேசில்காரனுக்கு ஒரு பாஸ்போர்ட்ட குடுத்துட்டா மேட்டர் முடிஞ்சுதுண்ணா." ரிட்டையர் ஆன ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரிய 40 வயசுல திரும்பக் கூட்டிட்டு வந்து முன்னாடி நிறுத்துன நாட்டுல இப்படி பேசுறதத் தப்புன்னு சொல்ல மாட்டேன், கோல் போட ஆள் இல்ல, அதான் உண்மை. ஆனா நீங்களும் அதே பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பிச்சுடக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். ஏன்னா சீனாக்காரன் இந்த சாமான ஏற்கனவே வாங்கிப் பாத்துட்டான்.

எல்கெசன்னு ஒருத்தர். பிரேசிலோட வடகிழக்குல மரன்யாவ் மாநிலத்துல கொயெல்யோ நெட்டோன்னு ஒரு சின்ன ஊர்ல 1989-ல பொறந்தவரு. விட்டோரியா கிளப்ல வளந்து, 2011-ல ரியோவுல பொட்டாஃபோகோவுக்குப் போனாரு. பிரேசில் நேஷனல் டீமுக்குக் கூட ஒரு தடவை கூப்பிட்டாங்க, ஆனா களத்துல இறக்கல. அங்க அவரு ஆடுனது பெரும்பாலும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி, அட்டாக்கிங் மிட்ஃபீல்டுல. சுத்தமான நம்பர் நைன், அதாவது நடுவுல முன்னாடி நின்னு கோல் போடுறதே வேலையா இருக்குற ஆளு, இல்ல. இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வரேன்.

2013 சீசனுக்கு சீனாவோட குவாங்சோ எவர்கிராண்ட் கிளப் அவரைத் தூக்குச்சு. கோச் யாருன்னா மார்செல்லோ லிப்பி, 2006-ல இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் குடுத்த மனுஷன். அவரு எல்கெசனை கொண்டு போய் நேரா முன்னாடி நிறுத்துனாரு. அர்ஜென்டினாக்காரர் கொன்கா பந்து குடுக்க, இன்னொரு பிரேசில்காரர் முரிகி பக்கத்துல ஓட, முதல் வருஷமே லீக்ல 24 கோல், அடுத்த வருஷம் 28, ரெண்டு வருஷமும் அவருதான் டாப் ஸ்கோரர். 2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல சியோல் டீமுக்கு எதிரா ரெண்டு மேட்ச்லயும் கோல். 2015 ஃபைனல்ல துபாய் அல் அஹ்லிகூட துபாய்ல 0-0, குவாங்சோவுல 1-0, அந்த ஒத்தக் கோல் யாருதுன்னு நான் சொல்லணுமா. அப்புறம் ஷாங்காய் எஸ்ஐபிஜி போயி ஹல்க், ஆஸ்கரோட சேந்து 2018-ல அங்கயும் லீக் ஜெயிச்சாரு. நம்ம ஊர்ல ஒரு ஆள் இதுல பாதி பண்ணாலே பால்காவடி எடுத்திருப்போம்.

2019-ல குவாங்சோவுக்கே திரும்பி வந்தாரு, அந்த ஆகஸ்ட்ல சீனக் குடியுரிமை. சீன வம்சாவளி துளிகூட இல்லாம சீன டீமுக்கு ஆடுன முதல் ஆளு அவருதான். அங்கயும் நம்மள மாதிரிதான், ரெட்டைக் குடியுரிமை கிடையாது, பிரேசில் பாஸ்போர்ட்ட விட்டுட்டுதான் வரணும். பேரும் 'ஐ கேசன்'னு ஆச்சு (எங்க கிரவுண்ட் பசங்க இதைக் கேட்டுட்டு 'ஐ! கணேசன்'னு ஒரு வாரம் கத்திட்டு இருந்தானுங்க). செப்டம்பர்ல மாலத்தீவு போயி அறிமுக மேட்ச்லயே ரெண்டு கோல், சீனா 5-0. சோலி முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

அங்கதான் கதையே ஆரம்பிக்குது சார். பாஸ்போர்ட் கைக்கு வரும்போது அவருக்கு வயசு 30. அக்டோபர்ல பிலிப்பைன்ஸ்கூட 0-0, நவம்பர்ல சிரியாகிட்ட 2-1னு தோத்ததும் நேஷனல் டீம் கோச்சா இருந்த அதே லிப்பி அன்னைக்கே ராஜினாமா. அப்புறம் கொரோனா வந்து ரெண்டு வருஷத்த முழுங்கிருச்சு. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றோட கடைசி கட்டம் 2021 செப்டம்பர்ல ஆரம்பிக்கும்போது மனுஷனுக்கு 32. ஆலன், அலோயிசியோ, ஃபெர்னாண்டின்யோன்னு இன்னும் பிரேசில்காரங்களையும் சீனாக்காரங்களா ஆக்கியாச்சு, ஆனா பத்து மேட்ச்ல ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. 2022 பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு அன்னைக்கு, ஹனோயில வியட்நாம்கிட்ட 3-1னு அடி வாங்குனாங்க. தீபாவளி அன்னைக்கு வீட்டுல டிவி போட்டுட்டு உக்காந்து நம்ம டீம் அப்படி தோக்குறதப் பாத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அந்த மேட்ச்ல எல்கெசன் இல்ல, அதுக்குள்ள அவரு பிரேசிலுக்குப் போயாச்சு. ஏன்னா 2021-ல குவாங்சோ கிளப்ப நடத்துன எவர்கிராண்ட் கம்பெனி கவுந்துருச்சு. ரியல் எஸ்டேட் கம்பெனி சார் அது, கடன் மட்டும் 300 பில்லியன் டாலருக்கு மேல. ஒரு லட்சம் பேர் உக்கார்ற மாதிரி தாமரைப் பூ வடிவத்துல ஸ்டேடியம் கட்ட ஆரம்பிச்சாங்க, அது அப்படியே நின்னுச்சு. எட்டு தடவை லீக் ஜெயிச்ச கிளப் 2022-ல ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 2025 ஜனவரியில கடன் அடைக்க முடியாம கடைய மூடிட்டுப் போயிருச்சு. எல்கெசன் பிரேசில்ல கிரேமியோ கிளப்ல கொஞ்ச நாள் ஆடிட்டு, அப்புறம் சீனாவுக்கே வந்து செங்டு டீம்ல ஆடுனாரு. ஆள் ஏமாத்துக்காரர்லாம் இல்ல, அதை நான் எங்கயும் சொல்ல மாட்டேன். சொந்த நாட்டு பாஸ்போர்ட்டையே குடுத்தவரு. அவரு போட்ட கோல் அத்தனையும் நிஜம், ஆனா அதுக்கு அடியில இருந்த தரைதான் பிளாட் விக்கிற காசுல போட்டது.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். இந்தியக் குடியுரிமை வேணும்னா விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி 12 மாசம் தொடர்ந்து இங்க இருக்கணும், அதுக்கு முந்தின 14 வருஷத்துல 11 வருஷம் இருந்திருக்கணும். 28 வயசுல ஐஎஸ்எல்லுக்கு வர்ற பிரேசில்காரனுக்கு அது கிடைக்கும்போது வயசு 40. அப்புறம் சேத்ரிக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிஞ்சு அந்தக் கணக்குக்குக் கிட்ட வந்தவர் மோகன் பகான் கிளப்போட பிரேசில்காரர் பரெட்டோதான், 1999-ல கொல்கத்தா வந்தவரு நடுவுல மலேசியா, மும்பைன்னு போயிட்டு வந்து 2012 வரைக்கும் அந்த பச்சை மெரூன் ஜெர்சியில ஆடுனாரு. அவரையே நாம இந்தியாவுக்கு ஆட வைக்கல. சட்டத்த மாத்திக் குறுக்கு வழி போடுவோம்னு யாராச்சும் சொன்னா, மாலத்தீவு மேட்ச்சையும் ஹனோய் மேட்ச்சையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுக் காட்டுங்க, போதும்.

எனக்கு பிரேசில்காரங்க மேல வெறுப்புன்னு மட்டும் நினைச்சுராதீங்க. உலகக் கோப்பை வந்தா எங்க தெருவுல மஞ்சள் கொடிதான். 2014-ல சென்னையின் எஃப்சிக்கு எலானோ ஆடி எட்டு கோலோட டாப் ஸ்கோரர் ஆனப்போ நேரு ஸ்டேடியத்துல தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனவன் நான். 2016-ல மார்செலின்யோ, 2022-23-ல டியேகோ மவுரிசியோ, எல்லாரும் பிரேசில்காரங்கதான், எல்லாரும் ஐஎஸ்எல் டாப் ஸ்கோரருக்குக் குடுக்குற தங்கக் காலணி வாங்குனவங்கதான். வரட்டும், ஆடட்டும், பாக்க நல்லாத்தான் இருக்கு.

என் வயித்தெரிச்சல் வேற. எங்க கிரவுண்ட்ல ஒரு பையன், பேர் வேணாம், 16 வயசு, இடது காலு. பாக்ஸுக்குள்ள பந்து வந்தா யோசிக்கவே மாட்டான், முதுக டிஃபெண்டர் மேல சாச்சு, ஒரு டச், திரும்பி அடி. பூட்ஸ் அடிப்பாகம் பிஞ்சு ஃபெவிக்விக் போட்டு ஒட்டி வெச்சிருந்தான், அதோடதான் ஒரு கிளப் ட்ரையலுக்கு நான் பைக்ல கூட்டிட்டுப் போனேன். என்ன பொசிஷன்னு கேட்டாங்க. நம்பர் நைன் சார்னான். எழுதிட்டு இருந்தவரு நிமுந்து கூட பாக்கல, "அதுக்கு ஃபாரினர் இருப்பாங்கப்பா, நீ ஓடுற ஆளு, ரைட் பேக்ல நில்லு"ன்னாரு, அதாவது பின்னாடி நின்னு தடுக்குற வேலை. மிட்ஃபீல்டுல இருந்த ஒரு பிரேசில்காரன நம்பர் நைனா மாத்துனாரு லிப்பி. நாம நம்பர் நைனா இருக்குற பையன ரைட் பேக் ஆக்குறோம், அப்புறம் நம்பர் நைன் இல்லன்னு வெளிநாட்டுல தேடுறோம். இதுல அந்த ட்ரையல் எடுத்தவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியல, மேல டீம்ல முன்னாடி நிக்கப் போறது வெளிநாட்டு ஆளுதான்னா அவரு மட்டும் என்ன பண்ணுவாரு.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். வெளிநாட்டு ஆளுங்க எண்ணிக்கைய பத்தி வருஷா வருஷம் மீட்டிங் போடுறீங்கல்ல, அடுத்த மீட்டிங்ல எத்தனை பேருன்னு மட்டும் பேசாம எந்த பொசிஷன்னும் பேசுங்க. ஒவ்வொரு டீமும் ஒரு சீசன்ல ஒரு இந்திய சென்டர் ஃபார்வர்டுக்கு, அதான் நம்பர் நைனுக்கு, இத்தனை நிமிஷம் குடுத்தே ஆகணும்னு ஏதாச்சும் ஒரு விதி, முதல் ரெண்டு வருஷம் கோல் குறையும், நாங்க திட்டத்தான் செய்வோம், திட்டிக்கிட்டே பாப்போம்.

பையன் இப்போ ரைட் பேக் ஆடுறான். நல்லாவே ஆடுறான், அதுதான் கடுப்பா இருக்கு.

இப்படிக்கு,
வியாசர்பாடியில கோன் அடுக்குறவன்